வாய் பேசாத வழக்காளி



இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் காலை. பெருநாள் தொழுகையும் குத்பாவும் முடிந்து, பள்ளிவாசலின் பின்வளவில் உழ்ஹிய்யாவுக்கான ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. மூன்று மாடுகள். முதலாவதைத் தரையில் சாய்த்திருந்தார்கள். மற்ற இரண்டும் பத்தடி தூரத்தில் பலா மரத்தில் கட்டப்பட்டு நின்றன. அவற்றின் கண் முன்னாலேயே ஒருவர் கல்லில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பங்குகாரர்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னர்தான் மிம்பரில் நின்று, அறுப்பதிலும் அழகிய முறை வேண்டும் என்று உரத்த குரலில் சொல்லியிருந்தேன்.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் என் ஜுப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

“மௌலவி, மத்த ரெண்டு மாடும் பாத்துக்கிட்டு நிக்கிதே. அது பரவாயில்லையா?”

நான் பட்டியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ அங்கால போ மகன், ரத்தம் தெறிக்கும்” என்றேன். அவன் போய்விட்டான். வேலையும் நடந்து முடிந்தது.

அன்று இரவு அவனுடைய உம்மா என் மனைவியிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். மகன் இறைச்சியை வாயில் வைக்கவில்லையாம். ஏன் என்று கேட்டதற்கு, “மௌலவிகிட்ட ஒரு மஸ்அலா கேட்டேன், அவர் பதில் சொல்லல்ல” என்றானாம்.

சகோதரிகளே, இருபது வருடங்களுக்கு மேலாக ஹதீஸ் பாடம் சொல்லிக்கொடுத்து வருபவன் நான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்திருந்தும் அந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் கொடுக்கவேண்டியிருந்த பதிலைத்தான் இம்மாதம் உங்களோடு பேசப் போகிறேன்.

*

முதலில் மார்க்கத்தின் பதில். ஓர் ஆட்டைத் தரையில் கிடத்தி, அதன் மீது காலை வைத்துக்கொண்டு, அது பார்த்திருக்கவே கத்தியைத் தீட்டிய ஒரு மனிதரைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை இரண்டு தடவை மரணிக்கச் செய்யப் போகிறீரா என்ற கருத்தில் கண்டித்ததாக இப்னு அப்பாஸ் (றழி) அவர்கள் வாயிலாக அறிவிக்கப்பட்டுள்ளது. எல்லா விடயங்களிலும் அழகிய முறையை அல்லாஹ் கடமையாக்கியிருக்கிறான். அறுப்பவர் கத்தியைக் கூர்மையாக்கி, பிராணிக்கு இலகுவைக் கொடுக்கட்டும் என்ற கருத்துள்ள ஷத்தாத் இப்னு அவ்ஸ் (றழி) அவர்களின் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இவற்றை அடிப்படையாகக் கொண்டுதான், கத்தியைப் பிராணியின் பார்வைக்கு மறைவாகத் தீட்டுதல், ஒன்றின் முன்னால் மற்றொன்றை அறுக்காதிருத்தல், அறுக்குமுன் தண்ணீர் காட்டுதல், அறுக்குமிடத்துக்கு மென்மையாக நடத்திச் செல்லுதல், உயிர் முற்றாகப் பிரியுமுன் தோலுரிக்காதிருத்தல் ஆகியவற்றை நமது ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் எழுதி வைத்தார்கள்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், “இல்லை மகன், பரவாயில்லாமல் இல்லை. நாங்கள் பிழை செய்கிறோம்” என்பதுதான்.

ஆனால் இது பெருநாள் அன்று மட்டும் எழும் கேள்வியல்ல. வருடம் முழுவதும், வீதியிலும் சந்தையிலும் வீட்டிலும் எழும் கேள்வி. துன்பப்படும் மிருகத்துக்கு வாய் இல்லை. அப்படியானால் அதன் சார்பில் யார் முறையிடுவது?

மதீனாவிலே ஒரு தடவை நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரி ஒருவரின் தோட்டத்துக்குள் சென்றார்கள். அங்கே நின்ற ஒட்டகம் அவர்களைக் கண்டதும் முனகியது. அதன் கண்களிலிருந்து நீர் வடிந்தது. நபியவர்கள் அருகே சென்று அதன் காதுக்குப் பின்புறத்தைத் தடவிக் கொடுக்க, அது அமைதியடைந்தது. உடனே அவர்கள் இந்த ஒட்டகத்தின் சொந்தக்காரர் யார் என்று விசாரித்தார்கள். ஓர் இளைஞர் முன்வந்தார். அல்லாஹ் உம்மிடம் ஒப்படைத்த இந்தப் பிராணியின் விடயத்தில் அவனை அஞ்சக்கூடாதா, நீர் இதைப் பசியோடு போட்டு, ஓயாமல் வேலை வாங்குவதாக இது என்னிடம் முறையிடுகிறதே என்று அவரிடம் சொன்னார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இந்தச் சம்பவத்தை நாம் முஃஜிஸாவாகவே சொல்லிக் கடந்து விடுகிறோம். முஃஜிஸாதான், சந்தேகமில்லை. ஆனால் இதிலே ஒரு விசாரணையும் இருக்கிறது. முறைப்பாடு வந்தது. பிரதிவாதி யார் என்று கேட்கப்பட்டது. குற்றம் எடுத்துச் சொல்லப்பட்டது. வழக்காளி ஓர் ஒட்டகம்!

*

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். இப்படி ஒரு சட்டம் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

மிருகவதையைத் தடுப்பதற்கென்று இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் உண்டு. பிரித்தானியர் காலத்தில் இயற்றப்பட்ட 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் அது. ஒரு பிராணியைக் கொடூரமாக அடித்தல், அளவுக்கு மிஞ்சி வேலை வாங்குதல், சித்திரவதை செய்தல், பட்டினி போட்டோ தாகத்தில் விட்டோ தேவையற்ற வேதனை கொடுத்தல் ஆகியவை அதன்படி குற்றங்கள். வீட்டுப் பிராணிகளும், பிடித்து அடைத்து வைக்கப்பட்ட பிராணிகளும், கூட்டிலோ தொட்டியிலோ உள்ள பறவை, மீன் போன்றவையும் அதன் பாதுகாப்புக்குள் வருகின்றன. சட்டம் எழுதப்பட்டபோது விதிக்கப்பட்ட தண்டனை நூறு ரூபா வரையான தண்டப்பணம், அல்லது மூன்று மாதங்கள் வரையான சிறை, அல்லது இரண்டும்.

நூறு ரூபா! 1907 இல் அது ஒரு கூலித் தொழிலாளியின் பல மாதச் சம்பளம். அக்காலத்தில் வண்டில்காரர் ஒருவர் அந்தத் தொகைக்குப் பயந்து மாட்டின் முதுகில் கம்பை ஓங்காமல் விட்டிருப்பார். ஆனால் ஒரு நூற்றாண்டு கடந்தும் சட்டப் புத்தகத்தில் அந்தத் தொகை அப்படியே கிடந்தது. இன்று கடைக்குப் போனால் நூறு ரூபா இரண்டு மூன்று முட்டைகளோடு முடிந்துவிடும். பயமுறுத்த வேண்டிய தண்டம் பகிடியாகிப் போனது.

இதை மாற்ற வேண்டும் என்று சட்ட அறிஞர்களும் மிருக நேசர்களும் நெடுங்காலமாகக் கேட்டு வந்தார்கள். 2006 ஆம் ஆண்டில் சட்ட ஆணைக்குழு புதிய மிருக நலச் சட்டமூலம் ஒன்றின் வரைவைத் தயாரித்தது. தண்டத்தைக் கூட்டுவது மட்டுமல்ல, ஒரு பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு அதைப் பராமரிக்கும் கடமை உண்டு என்பதைச் சட்டமாக்குவதும் அதன் நோக்கம். 2016 இல் அதற்கு அமைச்சரவையின் அங்கீகாரமும் கிடைத்தது. வரைவு எழுதப்பட்டதற்கும் அந்த அங்கீகாரத்துக்கும் இடையிலேயே பத்து வருடங்கள் ஓடிவிட்டன. வாக்குரிமை இல்லாத ஜீவன்களின் சட்டமல்லவா, அவசரம் யாருக்கு?

வேறு சட்டங்களும் உண்டு. பிறருக்குச் சொந்தமான மாட்டையோ ஆட்டையோ கொன்றால் அல்லது அங்கவீனப்படுத்தினால் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி அது குற்றம். ஆனால் அங்கே சட்டம் பார்ப்பது உரிமையாளருக்கு ஏற்பட்ட நட்டத்தை. மிருகம் பட்ட வேதனையை அல்ல. 1893 ஆம் ஆண்டின் இறைச்சிக் கடைக்காரர் கட்டளைச் சட்டம் அறுப்பவருக்கும் விற்பவருக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கிறது. 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மிருகங்கள் சட்டம் 12 வயதுக்குக் குறைந்த பசுக்களை அறுப்பதைத் தடுக்கிறது. மாடுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்வதற்கும் அனுமதி வேண்டும் என்கிறது.

இவ்வளவும் இருந்தும் ஏன் வதை குறையவில்லை?

பத்திரிகைச் செய்திகளைக் கவனித்துப் பாருங்கள். நள்ளிரவில் ஒரு லொறி பிடிபடுகிறது. உள்ளே, நிற்கவும் படுக்கவும் இடமில்லாமல், மூக்கணாங்கயிறு இழுபட்ட நிலையில், தண்ணீர் காணாத மாடுகள். செய்தியில் பெரிதாக இருப்பது “அனுமதிப்பத்திரமின்றி” என்ற சொல். பத்திரம் இருந்திருந்தால்? அதே லொறி, அதே நெருக்கம், அதே தாகம். பெரும்பாலும் யாரும் மறித்திருக்க மாட்டார்கள். காகிதத்தைப் பரிசோதிப்பது இலகு. வேதனையை அளப்பது கடினம்.

இன்னொரு காரணம் நாம்தான். பொலிஸார் எல்லா வளவுகளுக்குள்ளும் எட்டிப் பார்க்க முடியாது. யாராவது ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லப் போனால் அயல் வீட்டாரோடு பகை வரும். சாட்சிக்கு நீதவான் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். தவணை தவணையாகப் போகும். “ஒரு நாய்க்காகவா?” என்று ஊர் சிரிக்கும். அதனால் எல்லோரும் பார்த்துவிட்டுப் போகிறோம். இப்போது கையில் தொலைபேசி இருப்பதால் படம் பிடித்துப் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். பார்த்தவர்கள் “யா அல்லாஹ்!” என்று எழுதுகிறார்கள். பொலிஸ் நிலையத்துக்குப் போனவர் மட்டும் எவருமில்லை.

ஆக, சட்டம் ஒரு வழக்காளிக்காகக் காத்திருக்கிறது. வழக்காளிக்கோ வாயில்லை.

*

இந்த இடத்தில்தான் நமது பிக்ஹ் கலையின் அருமை எனக்கு விளங்குகிறது.

“நபகா” என்ற சொல் உங்களுக்குப் புதிதல்ல. கணவன் செலவுக்குக் கொடுக்கவில்லை என்றால் மனைவி காழி நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்பது அந்த நபகாவைத்தான். இமாம் நவவி (றஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676 இல், அதாவது 1277 இல் மரணமானவர்கள். அவர்களுடைய ‘மின்ஹாஜ்’ என்ற நூலிலே நபகா பாடத்தை விரித்தால் முதலில் மனைவி வருகிறாள். அடுத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் வருகிறார்கள். பின்னர் பிள்ளை வளர்ப்பின் சட்டங்கள். அதே பாடத்தின் கடைசியில் யார் வருகிறார்கள் தெரியுமா? மாடும் ஆடும் கழுதையும்! சொந்தக்காரன் தன் பிராணிக்குத் தீனும் தண்ணீரும் கொடுப்பது கடமை. கொடுக்க மறுத்தால் அவன் நிர்ப்பந்திக்கப்படுவான். அது உண்ணத்தக்க பிராணியாயின் ஒன்றில் தீன் போட வேண்டும், அல்லது விற்க வேண்டும், அல்லது அறுக்க வேண்டும். உண்ணக்கூடாத பிராணியாயின் தீன் போட வேண்டும், அல்லது விற்க வேண்டும். பட்டினி போட்டு வைத்திருப்பது என்ற வழி அவனுக்குத் திறந்து விடப்படவில்லை.

மனைவி காழியிடம் நடந்து போவாள். மாடு போகாது. போகாது என்பதற்காக அதன் நபகா மறைந்து விடவில்லை.

இன்னும் கேளுங்கள். கன்றுக்குக் கேடு வரும் அளவுக்குப் பால் கறக்கக் கூடாது. பால் கறப்பவர் மடியைக் காயப்படுத்தாமலிருக்க நகம் வெட்டிக்கொள்வது விரும்பத்தக்கது. தேன் எடுப்பவர் தேனீக்களுக்குத் தேவையானதைக் கூட்டில் விட்டுவைக்க வேண்டும். இவை நாங்கள் அறபுக் கல்லூரியில் பாயில் அமர்ந்து ஓதிய மஸ்அலாக்கள். பரீட்சைக்கு மனனம் செய்தோம். ஊர் மாட்டுப் பட்டிக்கு அவற்றைக் கொண்டு போனோமா?

ஹிஜ்ரி 660 இல் மரணமான இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (றஹ்) அவர்கள், மனிதன் மீது மிருகங்களுக்குள்ள உரிமைகளை வரிசையாக எழுதினார்கள். முதுமையாலோ நோயாலோ பயன்படாமல் போனாலும் அதற்குச் செலவு செய்ய வேண்டும். சக்திக்கு மேல் சுமையேற்றக் கூடாது. அதற்குத் தீங்கு செய்யும் மிருகத்தோடு சேர்த்து அடைக்கக் கூடாது. அதன் குட்டியை அதன் கண் முன்னால் அறுக்கக் கூடாது. இங்கிலாந்துப் பாராளுமன்றம் கால்நடைகளைக் கொடுமையாக நடத்துவதற்கு எதிராகத் தன் முதற் சட்டத்தை இயற்றியது 1822 இல். அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்ட பட்டியல் இது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கையில் இவ்வளவு இருந்தும் நாம் பின்தங்கி நிற்பதை எண்ணி வெட்கப்படவே சொல்கிறேன்.

ஏட்டிலே எழுதினால் போதுமா, நடைமுறைப்படுத்துபவர் யார் என்ற கேள்வியையும் முன்னோர் கேட்டார்கள். சுமக்க முடியாத பாரத்தை ஏற்றிய ஒட்டகக்காரரை உமர் (றழி) அவர்கள் தாமே அடித்துக் கண்டித்ததாக வரலாறு கூறுகிறது. ஹிஜ்ரி 99 முதல் 101 வரை கலீபாவாக இருந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் (றஹ்) அவர்கள், எகிப்தில் ஒட்டகங்கள் மீது 1,000 றாத்தல் வரை ஏற்றப்படுவதை அறிந்து, 600 றாத்தலுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று ஆளுநருக்கு எழுதினார்கள். பிற்காலத்தில் சந்தையையும் வீதியையும் கண்காணிக்க “முஹ்தஸிப்” என்ற அதிகாரி இருந்தார். ஹிஜ்ரி 450 இல் மரணமான இமாம் மாவர்தி (றஹ்) அவர்கள் அவருடைய கடமைகளை எழுதும்போது, மிருகங்களை அவற்றின் சக்திக்கு மீறி வேலை வாங்குபவரை முஹ்தஸிப் தடுக்க வேண்டும் என்கிறார்கள். எப்போது? எவரும் வந்து முறையிடாவிட்டாலும்!

சகோதரிகளே, இந்த ஒரு நிபந்தனையைச் சற்று யோசியுங்கள். மனிதர்களுக்கிடையிலான பல வழக்குகளில் முறைப்பாடு வேண்டும். மிருகத்தின் வழக்கில் முறைப்பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏனெனில் அந்த முறைப்பாடு ஒருபோதும் வராது.

*

இன்னொன்றையும் மனம் திறந்து பேச வேண்டும். நம் நாட்டில் மிருகவதை என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது விரைவில் மாடறுப்பில் வந்து நிற்கிறது. அங்கிருந்து முஸ்லிம்களில் வந்து நிற்கிறது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தபோது நமது வீடுகளில் எழுந்த கலக்கத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மிருகத்தின் மீதான அன்பை விட நம் மீதான வெறுப்பால் பேசுபவர்களும் இருக்கிறார்கள். அது உண்மை.

ஆனால் எல்லோரும் அப்படியல்ல. உயிர்க்கொலை கூடாது என்பதைத் தம் சமயமாகவே கொண்ட அயலவர்கள் நமக்கு உண்டு. போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும் நாடு இது. அந்த அயலவர்களில் ஒருவர், “நீங்கள் அறுப்பது ஹலால் என்கிறீர்கள். அந்த மாடு மூன்று நாளாகத் தண்ணீரில்லாமல் நின்றதே, அதுவும் ஹலாலா?” என்று கேட்டால் என்ன சொல்வோம்? வெறுப்பவருக்குப் பதில் சொல்லாமல் விடலாம். நியாயம் கேட்பவருக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். பிஸ்மி சொல்லி அறுப்பது, அதற்கு முன் நடந்த கொடுமைகளையெல்லாம் கழுவிவிடாது. அறுப்பதற்கு அல்லாஹ் தந்த அனுமதி வதைப்பதற்குத் தந்த அனுமதியல்ல.

அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா உழ்ஹிய்யா காலத்தில் வெளியிடும் வழிகாட்டல்களில் நாட்டுச் சட்டத்தைப் பேணுமாறும், பிராணிகளுக்குத் துன்பம் கொடுக்காதிருக்குமாறும் வலியுறுத்துகிறது. அந்தத் தாள் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் தொங்கிவிட்டு, பெருநாள் முடிந்ததும் கழற்றப்படுகிறது. ஊர்ப் பள்ளி நிர்வாகத்தில் ஒருவர், ஒரேயொருவர், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பின்வளவில் நின்றால் போதும்.

*

இனி நமது வீட்டுக்குள் வருவோம். மாட்டைப் பற்றிப் பேசுவது எளிது. அது ஆண்களின் விவகாரம் என்று நீங்கள் ஒதுங்கிக் கொள்ளலாம். பூனையும் கோழியும் உங்கள் கைக்குள்ளேயே இருக்கின்றன.

பூனை குட்டி போடுகிறது. “இதுகளை வெச்சிப் பார்க்க ஏலா” என்று சொல்லி, கண் திறக்காத குட்டிகளைச் சாக்கில் போட்டு, சந்தையடியிலோ பள்ளிக்கூட மதிலோரத்திலோ விட்டு வருமாறு மகனிடம் கொடுத்தனுப்புகிறோம். பூனையை அடைத்து வைத்த பெண்ணின் ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். அவள் அதற்கு உணவு கொடுக்கவில்லை. தானாகத் தேடி உண்ணவும் விடவில்லை. இந்த இரண்டுக்காகவே அவள் வேதனைக்குள்ளானாள். பால்குடி மறவாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துச் சாக்கில் கட்டி எறிவதில் இந்த இரண்டும் இல்லையா? குட்டிகள் தாமாக உண்ணும் வரை தாயோடு ஒரு மூலையில் இருக்க விடுங்கள். பின்னர் தேவைப்படுவோருக்குக் கொடுங்கள். பெருகுவதுதான் சிரமம் என்றால் மிருக வைத்தியரிடம் காட்டிக் கருத்தடை செய்யலாம். தேவைக்காக, வேதனையில்லாத முறையில் செய்வதை இக்கால அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர்.

நாய் விடயத்தில் நம்மிடம் ஒரு பெரிய தவறு இருக்கிறது. நாய் நஜீஸ் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நமது மத்ஹபின்படி அது சரி. பிள்ளை அதைக் கேட்டுவிட்டு ஒழுங்கையில் போகும் நாய்க்குக் கல்லெறிகிறான், நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நஜீஸ் என்பது ஏழு தடவை, அதில் ஒன்று மண் கலந்து, கழுவ வேண்டும் என்ற சட்டம். கல்லெறியலாம் என்ற சட்டமல்ல! தாகத்தில் மண்ணை நக்கிய ஒரு நாய்க்குத் தன் காலுறையில் தண்ணீர் அள்ளிக் கொடுத்த மனிதரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்று ஹதீஸில் வருகிறது. அந்த நாயும் நாய்தானே! வாசலுக்கு வெளியே ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தால் நமது வுழூ முறிந்துவிடாது.

கோழியை வாங்கிக் கால்களைக் கட்டி, சைக்கிள் கைபிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு வருவது நமக்குச் சாதாரணக் காட்சி. கூடையிலோ பெட்டியிலோ கொண்டு வாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்ல உங்களால் முடியும். கடையில் கோழிகளை வெயிலில் நெருக்கி அடைத்திருந்தால், “தண்ணீர் வைக்காத கடையில் வாங்க வேண்டாம்” என்று நீங்கள் சொன்னால், வியாபாரிக்கு அது நூறு ரூபாத் தண்டத்தை விடப் பெரிய தண்டம். அவருக்கு வாடிக்கையாளர்தான் நீதவான்.

கூண்டிலே குருவி வளர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அனஸ் (றழி) அவர்களின் சின்னத் தம்பி ஒரு குருவி வைத்திருந்தார். அது இறந்தபோது நபியவர்கள் அவரிடம் அதைப் பற்றிப் பரிவோடு விசாரித்தார்கள். எனவே வளர்ப்பதில் தடையில்லை. தீனும் தண்ணீரும் இடமும் கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உம்மா வீட்டுக்கு நான்கு நாள் போகும்போது கூண்டை யார் பார்ப்பது என்று முடிவு செய்யாமல் போனால், அந்தப் பூனைப் பெண்ணின் வழக்கை நாமும் சந்திக்க வேண்டி வரலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிள்ளைகள். தும்பியின் வாலில் நூல் கட்டிப் பறக்க விடுகிறார்கள். அணிலுக்குக் கெட்டப்போலால் அடிக்கிறார்கள். “பிள்ளை விளையாடுது” என்று விட்டுவிடுகிறோம். குறைஷி வாலிபர் சிலர் ஒரு பறவையைக் கட்டி வைத்து, அதன் மீது அம்பெய்து விளையாடினார்கள். இப்னு உமர் (றழி) அவர்கள் வருவதைக் கண்டதும் சிதறி ஓடினார்கள். உயிருள்ளதை இலக்காக்குபவனை நபியவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று இப்னு உமர் (றழி) அவர்கள் எச்சரித்தார்கள். அந்த வாலிபர்கள் ஓடினார்களே, ஏன்? பெரியவர் ஒருவர் வந்தால் கேட்பார் என்ற பயம் அன்று இருந்தது. இன்று நம் பிள்ளைகள் யாரைக் கண்டு நிறுத்துவார்கள்? முஹ்தஸிப் இல்லாத இக்காலத்தில் வீட்டின் முஹ்தஸிப் உம்மாதான்.

வீட்டுக்கு வெளியே நடப்பதற்கும் வழியுண்டு. அயலில் ஒரு மாடோ ஆடோ பட்டினியில் நிற்பதைக் கண்டால், முதலில் அந்த வீட்டுப் பெண்ணிடம் அன்பாகப் பேசுங்கள். பல சந்தர்ப்பங்களில் வறுமைதான் காரணமாக இருக்கும். ஒரு கட்டுப் புல்லால் தீரக்கூடியது. பிராணி நோயுற்றிருந்தால் பிரதேசத்து அரச மிருக வைத்தியர் அலுவலகம் இருக்கிறது. கொடுமை தொடர்ந்தால், ஆண்கள் மூலமாகவேனும் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். எந்த நாள், எந்த இடம், என்ன கண்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அது கோள் சொல்வதல்ல. வாயில்லாதவருக்கு வாயாக நிற்பது.

மறுமையிலே கொம்பில்லாத ஆட்டுக்காகக் கொம்புள்ள ஆட்டிடமிருந்து கூட ஈடு வாங்கப்படும் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. புத்தியில்லாத இரண்டு பிராணிகளுக்கிடையிலேயே இவ்வளவு நீதி என்றால், புத்தியுள்ள மனிதன் வாயில்லாப் பிராணிக்குச் செய்தது கேட்கப்படாமல் போகுமா? அந்த நீதிமன்றத்தில் தவணையில்லை; சாட்சிக்குத் தட்டுப்பாடுமில்லை.

*

அந்தப் பிள்ளையின் கதையை முடிக்க வேண்டும்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பு நான் அவன் வீட்டுக்குப் போனேன். வாப்பாவையும் வைத்துக்கொண்டு, “மகன், நீ கேட்டது சரியான கேள்வி. அன்று பிழை விட்டது நான்தான்” என்று சொன்னேன். அவன் வெட்கத்தோடு உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அவ்வருடம் பள்ளிவாசல் பின்வளவில் மரத்திலிருந்து மதில் வரை ஒரு தறப்பாளைக் கட்டினோம். கத்திகளை முதல் நாள் இரவே தீட்டி வைத்தோம். மாடுகளை ஒவ்வொன்றாக, இழுக்காமல், மறைப்புக்கு அப்பால் நடத்திக் கொண்டு வந்தோம். மறைப்புக்கு இப்பால், காத்திருந்த மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் வேலையை அவனிடம் கொடுத்தேன். வாளியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து வைத்தான். மாடு குடித்து முடியும் வரை பக்கத்திலேயே நின்றான்.

வேலை முடிய வழமையை விட ஒரு மணி நேரம் கூடுதலாகச் சென்றது. சிலர் முணுமுணுத்தார்கள். அன்று பகல் அவன் சோறு தின்றானா என்று நான் விசாரிக்கவில்லை. மறுநாள் அவனுடைய உம்மா என் வீட்டுக்கு ஒரு தட்டில் கறி அனுப்பியிருந்தார்.

வாயில்லா ஜீவன்களின் விடயத்தில் தன்னை அஞ்சி நடக்கும் உள்ளத்தை அல்லாஹ் நமக்கும் நமது பிள்ளைகளுக்கும் தருவானாக! ஆமீன்.